கட்டையின் கனம்

பீரோவுக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவே நான்கடி ஐந்து அங்குலம். இஞ்ச் டேப்பை வைத்து மூன்று முறை அளந்தாயிற்று. மறுமுனையைப் பிடித்திருந்த மகள், "இன்னும் கொஞ்சம் இழுங்கப்பா" என்றாள், இழுத்தால் சுவர் தள்ளிப்போகும் என்பதுபோல. சென்டிமீட்டரில் 134-ம் கொஞ்சமும். முழு பியானோவின் எண்பத்தெட்டுக் கட்டைகளையும் கொண்ட சிறிய மின்பியானோக்கள் 132 சென்டிமீட்டர் சுமாருக்கு வருகின்றன. ஒரு விரற்கடைக்குச் சற்று மேல் மிச்சம்.

திருப்பதியில் நாங்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனின் முன்னறை பத்துக்குப் பத்து. கட்டில், பீரோ, தையல் மிஷின், சாமி மாடம், புத்தக அலமாரி எல்லாம் அதற்குள்தான். கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டையும், சித்தூரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய வெல்லமும். இந்த ஊரில் இடத்தை யாரும் சும்மா விடுவதில்லை. நாள்தோறும் பல்லாயிரம் பேர் வந்து ஓரிரவு தங்கிப்போகும் ஊர். நான்கு சுவரும் ஒரு கதவும் இங்கே நேரக்கணக்கில் விலைபோகும் சரக்கு. குடியிருப்பவர்களும் லாட்ஜில் தங்கியிருப்பவர்களைப் போலவே பெட்டியை மடக்கி, பாயைச் சுருட்டி வாழப் பழகியிருக்கிறோம்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருஷமாக பியானோ கற்றுக்கொள்கிறாள். ஆசிரியை வீட்டில் இருப்பது தந்தி பூட்டிய, சுவரோடு நிமிர்ந்து நிற்கும் பழைய பியானோ. எங்கள் வீட்டில் இருந்தது அறுபத்தொரு கட்டை கீபோர்டு. எந்தக் கம்பெனிக்காரன் செய்திருந்தாலும் எங்கள் பக்கம் அதற்குப் பெயர் 'கேசியோ'தான். முந்நூறு ஓசைகள் அதில் உண்டு. புல்லாங்குழல் வேண்டுமா, ஒரு பொத்தான். மழைச் சத்தம் வேண்டுமா, இன்னொரு பொத்தான். ஒருநாள் ஆசிரியை வாசலில் வைத்துச் சொன்னார்: "பாப்பாவுக்கு இங்க வந்து உட்கார்ந்தா முதல் அரைமணி நேரம் விரல் வழுக்குது சார். உங்க வீட்டுக் கட்டைக்குக் கனம் இல்ல."

அந்தச் சொல்லை வீடுவரை சுமந்துகொண்டு வந்தேன். இடம் இல்லாத வீட்டில் கனத்துக்கு எங்கே போவது?

*

கட்டை என்பது தமிழில் வினோதமான சொல். அடுப்பில் எரிவதும் கட்டை, சுடுகாட்டில் எரிவதும் கட்டை. உயரம் குறைந்தவரைக் கட்டையான ஆள் என்கிறோம்; தடித்து இறங்கிய குரலைக் கட்டைக் குரல் என்கிறோம். சிறுத்தலும் கனத்தலும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. பாட்டுக்காரர்களின் சுருதிக்கும் அதுவே அளவு. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்பதெல்லாம் ஆர்மோனியப் பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை ஒன்றிலிருந்து ஏழுவரை எண்ணி, இடையில் வரும் கறுப்புக்கு அரை சேர்த்த கணக்கு. மூன்றரைக் கட்டையில் யாரும் பாடுவதில்லை. மூன்றாம் வெள்ளைக்கும் நான்காம் வெள்ளைக்கும் நடுவே கறுப்பு கிடையாது. ஏழரைக் கட்டையும் இல்லை; ஏழரை சனிக்கு மட்டுமே உரியது. தெலுங்கில் இதையே ஐந்து ஸ்ருதி, ஆறு ஸ்ருதி என்பார்கள். அவர்கள் காதால் எண்ணினார்கள், நாம் மரத்தால் எண்ணினோம். சித்தூரில் வளர்ந்தவனுக்கு இரண்டு கணக்கும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தாய்மாமா. கூத்தில் பெட்டி வாசித்தவர். சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் கதை, இரவில் கூத்து. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போயிற்று. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. பெட்டி எல்லை பார்க்கவில்லை. ஒரு வாரம் தமிழ்க் கூத்து, மறுவாரம் தெலுங்குப் பத்திய நாடகம். மாமா அதைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். வீட்டில் அது இருந்த இடம் மரப்பெட்டியின் மேல், தலையணைக்குப் பக்கத்தில். இடநெருக்கடியில் இசைக்கருவி வைத்துக்கொள்வது எப்படி என்ற பாடத்தை அப்போதே பார்த்துவிட்டேன். பாடம் என்று தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

*

ஐரோப்பாவிலும் கதை இதேதான். ஃப்ளாரன்ஸ் நகரில் மெதிச்சி குடும்பத்தின் வாத்தியங்களைப் பராமரித்த பார்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி செய்த புதுக் கருவி ஒன்று 1700-ம் ஆண்டுப் பொருள் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. 'மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும் கருவி' என்பது அதன் விவரம். இத்தாலியில் மெல்லவுக்கு 'பியானோ', உரக்கவுக்கு 'ஃபோர்த்தே'. காலப்போக்கில் உரக்க என்ற பாதி உதிர்ந்துபோய் மெல்ல என்ற பாதி மட்டும் பெயராக நிலைத்தது. ஒண்டுக்குடித்தனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

அரண்மனைக் கூடத்தில் படுத்துக்கிடந்த அந்தக் கருவியை நடுத்தர வர்க்கம் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எழுப்பி நிறுத்த வேண்டியிருந்தது. 1800 வாக்கில் தந்திகளைச் செங்குத்தாக நிறுத்திய பியானோக்கள் வந்தன. ஆசிரியை வீட்டில் இருப்பது அந்த வம்சம். நின்றாலும் இருநூறு கிலோ. எங்கள் மாடிப்படியில் ஏறாது, ஏறினால் இறங்காது.

1840-களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தந்தி இல்லை, காற்றில் அதிரும் உலோக நாக்குகள். காலால் மிதிக்கத் துருத்தி. மிஷனரிகளோடு அது கப்பலேறி வந்தது. சித்தூரில் அமெரிக்க ஆற்காடு மிஷன் 1850-களிலேயே வேரூன்றிவிட்டது. மேஜை உயரத்தில் நின்று காலால் மிதிக்கும் அந்தப் பெட்டி, தரையில் சம்மணமிட்டு உட்காரும் நாட்டுக்குப் பொருந்தவில்லை. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், 1875 வாக்கில் என்று சொல்வார்கள், அதன் காலை வெட்டினார். துருத்தியைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கையால் தள்ளும்படி செய்தார். அதன் பிறகு ஆர்மோனியம் தலையணைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

இந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. இடது கை துருத்திக்குப் போய்விட்டது. இரண்டு கையால் வாசித்த கருவி ஒற்றைக் கைக் கருவி ஆயிற்று. நமக்கு அது நஷ்டமாகத் தோன்றவில்லை. நம் இசைக்கு ஒரு கோடு போதும், கீழே அடுக்கடுக்காகச் சுரங்களைக் கட்டும் பழக்கம் கிடையாது. தனக்கு வேண்டாததைக் கொடுத்துவிட்டு இடத்தை வாங்கிக்கொண்டது இந்தியா. சிறிய வீட்டுக்குக் கருவி தேடுகிறவர் எவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான்: எதைக் கொடுத்தால் எனக்கு வலிக்காது?

*

கனம் என்று ஆசிரியை எதைச் சொன்னார் என்பது சென்னை அண்ணா சாலையில் ஒரு கடையில் நின்றபோது புரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கருவிகள். ஒன்று ஸ்பிரிங் கட்டை, இன்னொன்று, கடைக்காரர்கள் சொல்வதுபோல, 'வெயிட்டட் கீ', 'ஹாமர் ஆக்‌ஷன்'. முதலாவதை அழுத்தினேன், இரண்டாவதை அழுத்தினேன். இரண்டும் எதிர்த்தன, எதிர்த்த விதம் வேறு.

ஓட்டல் வாசலில் ஸ்பிரிங் வைத்த அரைக்கதவு இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டவுடன் திறக்கும், தள்ளத் தள்ள நம்மைத் திருப்பித் தள்ளும். கையை எடுத்தால் முகத்தில் அறையும். கோயில் கதவு வேறு ஜாதி. முதலில் அசையவே அசையாது. தோளைக் கொடுத்துக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் பிறகு அதுவே போகும். நாம் அதன் வேகத்துக்குக் கூட நடந்தால் போதும். ஸ்பிரிங் கட்டை ஓட்டல் கதவு. பியானோக் கட்டை கோயில் கதவு.

காரணம் எளிமையானது. தந்தி பியானோவில் ஒவ்வொரு கட்டையும் ஓர் ஏற்றம் போன்றது. விரல் இந்த முனையை இறக்கினால் அந்த முனை ஏறி, கம்பளி சுற்றிய சுத்தியலைத் தந்தியின் மேல் எறிகிறது. எறிவதோடு கட்டையின் வேலை முடிந்தது. எவ்வளவு வேகமாக எறிந்தோம் என்பதுதான் உரக்கவும் மெல்லவும். விரல் உணர்வது அந்தச் சுத்தியலின் மந்தத்தை. தாழ்ந்த சுரங்களின் சுத்தியல் பெரியது, ஆகவே இடக்கைப் பக்கம் கட்டை கனம்; உச்சத்துக்குப் போகப் போக லேசு. நல்ல மின்பியானோவில் தந்தி கிடையாது; ஆனால் கட்டைக்கு அடியில் சிறிய எடைத் துண்டு ஒன்று ஏறி இறங்குகிறது, இடமிருந்து வலமாகக் கனம் குறைந்துகொண்டே போகிறது. ஒலி மின்சாரத்தில் பிறக்கிறது. எதிர்ப்பு மட்டும் உண்மையான எடை. ஸ்பிரிங் கீபோர்டுகளிலும் விரலின் வேகத்தை அளந்து ஒலியைக் கூட்டிக் குறைப்பவை உண்டு. அளக்கத் தெரிந்த கருவிதான், ஆனால் விரலுக்கு எதையும் கற்றுக்கொடுக்காத கருவி.

கடையில் சட்டைப் பையில் இருந்த பத்து ரூபாய் நாணயங்களை எடுத்தேன். ஒன்று ஏழே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. தந்தி பியானோவில் நடுக்கட்டையை இறக்க ஐம்பது கிராம் சுமார் தேவை என்பது செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஆறேழு நாணயம். கனக் கட்டையின் முன்விளிம்பில் ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஐந்து, ஆறு, ஏழு, அசையவில்லை. எட்டாவதை வைத்ததும் ஒரு கணம் யோசித்து, பிறகு ஒரே சீராக அடிவரை இறங்கியது. ஓசை எழவில்லை, அவ்வளவு மெதுவாக இறக்கினால் உண்மையான பியானோவிலும் சுத்தியல் தந்தியைத் தொடாது. ஸ்பிரிங் கட்டையில் அடுக்கினேன். நாலாவது நாணயத்தில் பாதி இறங்கியது, அங்கேயே நின்றது. மேலும் ஒன்று வைத்தால் மேலும் கொஞ்சம். கடைப் பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இது காசு போட்டா பாடுற மிஷின் இல்ல" என்றான். அவன் சொன்னதும் சரி.

பாதியில் நின்ற அந்தக் கட்டைதான் என் மகளின் விரல் வழுக்கியதற்கு விடை. அடிவரை போகாமலே ஓசை கிடைத்துவிடும் கருவியில் பழகிய விரல், அடிவரை போகத் தேவையான துணிவைக் கற்றுக்கொள்வதில்லை.

*

கருவியைச் சுருக்குவதும் பாட்டை எழுதிவைப்பதும் ஒரே வகைக் காரியம் என்று எனக்கு ஒரு எண்ணம். இரண்டிலும் எதையோ கீழே போட்டுவிட்டுத்தான் எதையோ தூக்க முடியும். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனபள்ளியில் அப்படி ஒரு காரியம் நடந்தது.

1919 பிப்ரவரி இறுதியில் ரவீந்திரநாத் தாகூர் அங்கிருந்த தியசாபிக்கல் கல்லூரியில் தங்கியிருந்தார். கல்லூரியின் முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ், அயர்லாந்துக் கவிஞர். அவர் மனைவி மார்கரெட் கசின்ஸ் முறையாகப் பியானோ படித்தவர். 1902-ல் அயர்லாந்தில் இசையில் பட்டம் பெற்றவர். ஒரு மாலை தாகூர் தம் 'ஜன கண மன'வைப் பாடினார். 1911-ல் கல்கத்தா காங்கிரசில் முதன்முதல் பாடப்பட்ட பாட்டு. பொருள் கேட்டவர்களுக்காக அங்கேயே ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொடுத்தார். மெட்டை மார்கரெட் ஐரோப்பிய முறைச் சுரக்குறிப்பில் எழுதினார். பாடியவர் வாயில் நெளிந்து போன ஒன்றை, பியானோக் கட்டைகளில் பயின்ற காது ஐந்து கோடுகளுக்குள் உட்கார வைத்தது.

அந்தக் கோடுகள் படிகளைப் பிடித்தன. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு வங்காளிக் குரல் வழுக்கிப்போன வழியை எவ்வளவு பிடித்திருக்கும்? அதே தாகூருக்கு ஆர்மோனியத்தின் மேல் தீராத கசப்பு. சாந்திநிகேதனில் அதைச் சேர்க்கவில்லை. 1940 மார்ச் முதல் தேதியிலிருந்து அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு அந்தத் தடை இருந்தது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருப்பதை அதால் சொல்ல முடியாது என்பது குற்றச்சாட்டு. உண்மைதான். ஆனால் சித்தூரில் நான் படித்த பள்ளியில் காலை வழிபாட்டின்போது ஐம்பத்திரண்டு விநாடிகளுக்கு அந்தப் பாட்டை எங்களுக்குத் தூக்கிக் கொடுத்தது ஆர்மோனியம்தான். நூறு பிள்ளைகள் நூறு சுருதியில் போகாமல் அந்தக் கட்டைகள் கட்டிவைத்தன. நெளிவு போயிற்று, ஊர் கூடிப் பாடுவது கிடைத்தது. கொடுத்ததும் வாங்கியதும் என்னவென்று தெரிந்து செய்யும் பேரத்தில் ஏமாற்றம் இல்லை.

*

எங்கள் பேரத்துக்கு வருகிறேன். கொடுக்கக்கூடியவற்றை ஒரு தாளில் எழுதினேன்.

ஓசைகள் முதலில் போகட்டும். முந்நூறில் இரண்டு போதும். தானாக ஓடும் தாளம் போகட்டும். மர அலமாரி போன்ற கூடு போகட்டும். பெரிய ஸ்பீக்கர் போகட்டும். பத்துக்குப் பத்தில் கேட்க எத்தனை காது இருக்கிறது?

அடுத்தது அகலம். இங்கே பலர் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். எண்பத்தெட்டு என்பது வேதவாக்கு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைத்த வழக்கம். மோட்சார்ட் வியன்னாவில் வைத்திருந்த பியானோவுக்கு அறுபத்தொரு கட்டைகள், ஐந்து ஸ்தாயி. அவர் பியானோவுக்கு எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே அதற்குள் அடக்கம். அந்தக் கட்டைகள் இன்றைய பியானோவைவிட லேசானவை. ஆனால் சுத்தியல் உள்ளவை. ஒரு ஸ்தாயியின் அகலம் பதினாறரை சென்டிமீட்டர். எழுபத்துமூன்று கனக் கட்டைகளோடு யமஹா செய்த பி-121 என்ற கருவி 111 சென்டிமீட்டர். எண்பத்தெட்டு உள்ள அதே வகை 132-க்கு மேல். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சாண். ஒரு சாண் வயிற்றுக்காக என்பார்கள். ஒரு சாண் சுவருக்காகப் பதினைந்து கட்டைகளைக் கொடுக்கலாம். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அடுத்த நாலைந்து வருஷம் அந்தப் பதினைந்து இல்லாததால் பெரிய குறை வராது.

நான் தேடிய கடைகளில் எழுபத்துமூன்று கிடைக்கவில்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்: அகலத்தையே அளந்துகொண்டிருந்தவன் ஆழத்தை அளக்கவில்லை. எங்கள் அறைக்கதவு உள்பக்கம் திறக்கும்; அதன் விளிம்பு வட்டமடித்து வரும் வழியில்தான் கருவி நிற்க வேண்டும். யமஹா பி-45 முன்னிருந்து பின்வரை 29.5 சென்டிமீட்டர். கேசியோ 2019-ல் கொண்டுவந்த பிஎக்ஸ்-எஸ்1000 வெறும் 23.2. எடை இரண்டும் பதினொன்றரைக் கிலோவுக்குள். கனத்தைக் குறைக்காமல் உடம்பை மட்டும் ஒடுக்கியிருக்கிறார்கள். ஆறு சென்டிமீட்டர் என்பது சொன்னால் சிரிப்பு வரும் தூரம். எங்கள் கதவு திறப்பதும் திறக்காததும் அந்த ஆறில் இருந்தது.

ஆழம் குறைந்ததற்கும் விலை உண்டு. கட்டையின் பின்பகுதி, கண்ணுக்குத் தெரியாத அச்சுவரை, குட்டையாகிறது. ஏற்றத்தின் கழியை வெட்டினால் கிட்ட நின்று இழுப்பவனுக்கு பாரம் கூடும் அல்லவா, அதுபோலக் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில், உள்ளே தள்ளி வெள்ளையை அழுத்தும்போது கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. மகள் வாசித்துப் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் பிடிவாதம் பண்ணுதுப்பா" என்றாள். பிடிவாதம் பரவாயில்லை, வழுக்கல்தான் கூடாது என்று முடிவு செய்தோம்.

*

நீளமான அட்டைப்பெட்டியோடு திருப்பதி பஸ்ஸில் ஏறினால் என்ன ஆகும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நடத்துநர் பெட்டியைத் தட்டி, "ஏமுந்தி சார் இந்துலோ?" என்றார். "பியானோ" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. லக்கேஜ் சீட்டு மட்டும் கிழித்தார். பக்கத்து இருக்கையில் குடும்பத்தோடு மொட்டை போட வந்துகொண்டிருந்த பெரியவர், "சாமிக்குக் காணிக்கையா தம்பி?" என்று கேட்டார். மலைக்குப் போகும் பஸ்ஸில் பெரிய பெட்டி வேறு எதற்கு? "வீட்டுக்குங்க" என்று சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது.

கருவி சுவரோடு சேர்ந்து உட்கார்ந்தது. டேப் பொய் சொல்லவில்லை. கதவு அதை உரசாமல் திறந்தது. இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மகள் வாசிப்பாள். மனைவி கட்டிலில் தூங்குவாள். நான் வேலையைப் பார்ப்பேன். ஒரே அறையில் மூன்று இரவுகள்.

நாலாம் நாள் கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்தார். "ராத்திரி பத்துக்கு மேல மேல என்ன பாபு இடிக்கிறீங்க? உலக்கையா?" எனக்கு விளங்கவில்லை. அன்றிரவு கீழே இறங்கிப்போய் அவர் வீட்டுக் கூடத்தில் நின்று கேட்டேன். தக், தக்தக், தக். கனக் கட்டை அடியில் மோதும் ஓசை, நிற்கும் ஸ்டாண்டின் கால் வழியாகத் தளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சுரம் எல்லாம் மகளின் காதோடு நின்றுவிட, கீழே வந்தது தாளம் மட்டும். எந்தப் பாட்டு என்று அந்தத் தட்டலை வைத்தே என்னால் சொல்ல முடிந்தது. எடை என்று ஒன்று இருந்தால் அது எங்காவது இறங்கத்தான் செய்யும். மறுநாள் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன், அதன்மேல் ரப்பர் விரிப்பு. அம்மாள் இப்போது வருவதில்லை. பகலில் ஹெட்போன் இல்லாமல் வாசிக்கும்போது கீழிருந்து சில சமயம் குக்கர் சத்தம் அடங்குகிறது; கேட்கிறார் என்று வைத்துக்கொள்கிறோம்.

*

போன மாதம் மாமா வந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார்; பெட்டியைத் தொட்டுப் பல வருஷம். கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினார். விரல் எதிர்பார்த்தது ஆர்மோனியத்தை. கட்டை இறங்கவில்லை.

"இன்னாடா இது, இம்மாம் கனமா கீது?"

"அதுதான் மாமா இதுல விசேஷம். பெரிய பியானோவுல இருக்கிற கனம். உங்க பெட்டிக் கட்டை லேசு இல்லையா, அதனால விரலுக்குப் பழக்கம் வராதுன்னு..." என் சித்தாந்தத்தை எல்லாம் சொன்னேன். நாணயக் கணக்கையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இடது கையைத் தூக்கி, காற்றில் துருத்தியைத் தள்ளிக் காட்டினார். உள்ளங்கை விரிந்து, மடங்கி, இழுத்து, பாதியில் பிடித்து நிறுத்தி, மறுபடி. பீமனுக்குக் கோபம் வரும்போது எப்படி, பாஞ்சாலி அழும்போது எப்படி என்று அந்தக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"கட்டையில இல்லடா கனம். இங்க கீது" என்றார்.

எத்தனை வருஷம் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன்! இடது கை துருத்திக்குப் போய்விட்டது என்று மட்டுமல்லவா எழுதி வைத்திருந்தேன். விரலில் இருந்த எடையை கோஷ் தூக்கி எறியவில்லை. கட்டையிலிருந்து எடுத்துத் துருத்தியில் வைத்தார். மெல்லவும் உரக்கவும் அங்கேதான் நடந்தன. வீணைக்காரருக்கு அந்தக் கனம் மெட்டின் மேல் தந்தியை இழுக்கும் விரலில், நாகசுரக்காரருக்கு அடிவயிற்றில். இங்கே தேவஸ்தான இசைக் கல்லூரிப் பக்கம் காலையில் நடந்தால், சாதகம் பண்ணும் பையன்கள் கன்னம் உப்பி, கண் சிவந்து அந்தக் கனத்தோடு மல்லுக்கட்டுவதைக் கேட்கலாம். ஒவ்வொரு கருவியும் எங்கோ ஓரிடத்தில் நம்மை மறுக்கிறது. அந்த மறுப்போடு தினமும் ஒரு மணி நேரம் பேசித் தீர்ப்பதற்குத்தான் சாதகம் என்று பெயர். எங்கள் பழைய கீபோர்டின் குறை அது சிறியது என்பதல்ல, கட்டை லேசு என்பதும் அல்ல; எந்த இடத்திலும் அது எங்களை மறுக்கவில்லை. முந்நூறு ஓசைக்கும் சரி என்றது.

மாமா மறுபடி கட்டையில் விரல் வைத்தார். இந்த முறை தோளிலிருந்து அழுத்தினார். ஒற்றைச் சுரம், நிதானமாக எழுந்து, அறை முழுக்க நின்றது. "நாலு கட்டை" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. மகள் எட்டிப் பார்த்தாள். சரிதான், நாலு கட்டை.

சிறிய வீட்டுக்குக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கடைக்குப் போகும்போது இஞ்ச் டேப்பும் பத்து ரூபாய் நாணயம் எட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டேப் சொல்வதில் பேரம் பேசலாம்; ஒரு சாண் அகலத்தை, முந்நூறு ஓசைகளை, அழகான மரக்கூட்டை விட்டுக்கொடுக்கலாம். நாணயம் சொல்வதில் மட்டும் பேரம் வேண்டாம். வாங்கிய கையோடு ஒரு ரப்பர் விரிப்பும் வாங்கிவிடுங்கள். கீழ்வீட்டில் இருப்பவர்களும் தூங்க வேண்டும்.